படலையடியிலை நீ சொன்னது

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை கதைச்சுக்கொண்டிருக்கேக்கை போன் இடையிலை நிண்டது சிக்னல் இல்லாமல் எண்டு நீ நினைச்சிருப்பாய். பிறகு நாலு தரம் எடுத்தும் பார்த்தாய். சிக்னல் வடிவாத்தான் இருந்தது. வைச்சது நான். நீ கேட்ட கேள்விக்கு "வேண்டாம்" எண்ட ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டு வைச்சனான். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கத்தான் இந்தக் கடிதம். போனிலை எண்டால் நீ "அம்மா, பொறுங்கோ, அம்மா" எண்டு குறுக்கை மறிப்பாய், எனக்கும் அழுகை வரும், சொல்ல வந்தது பாதியிலை நிண்டுபோம். கடிதத்திலை எண்டால் நீ வாயை மூடிக்கொண்டு கேக்கத்தான் வேணும். இப்ப சோளகக் காத்து, கடலுக்குப் போறாக்கள் குறைவு, நண்டுக் கொம்பனியிலை எங்களை ரெண்டு நாள் வீட்டிலை நிக்கச் சொல்லிப்போட்டினம். எனக்கு நேரம் தாராளமா இருக்கு.

நீ கேட்டது இதுதான். எங்கடை வாசல் படலையை வைச்சு நீ எழுதின கதை இப்ப படமாகப் போகுது. புத்தகத்திலை வாற பொடியன்ரை தகப்பன் மன்னார் ஆள். படத்திலை அவரை உள்ளபடியே, மாரவிலையிலை இருந்து வந்த சிங்கள மீன்பிடிகாரனாய்க் காட்டட்டோ எண்டு கேட்டாய். உன்னோடை வேலை செய்யிற அந்த அம்மா, திரைக்கதையைப் படிச்சிட்டு, "இந்தத் தகப்பன் மூச்சு விடுறார் இல்லை, இந்தப் படலையடியிலை எதையோ ஒளிச்சு வைச்சிருக்கிறாய்" எண்டு சொன்னவவாம். கெட்டிக்காரி. ஒளிச்சு வைச்சது நீ இல்லை எண்டு அவவுக்குத் தெரியாது. ஒளிக்கச் சொன்னது நான்.

உன்ரை கொப்பா முதல் முதல் யாழ்ப்பாணத்துக்கு, எங்கடை குருநகருக்கு வந்தது சீசனுக்கு. அவையின்ரை கடல் கொந்தளிக்கிற மாசங்களிலை அங்கத்தை ஆக்கள் இஞ்சாலை வந்து, கரையிலை ஓலைக் கொட்டிலாய் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்திட்டுத் திரும்பிப் போறது அப்ப வழமை. மற்றவை எல்லாம் திரும்பிப் போயிட்டினம். இவர் போகேல்லை. அதுக்குக் காரணம் நான்தான் எண்டு சொல்லுறதிலை எனக்கு இப்பவும் கொஞ்சம் கெப்பர், பெருமைதான். எங்கடை கலியாணத்துக்கு அவற்றை பக்கத்தாலை ஒருத்தரும் வரேல்லை, ஒரு துண்டுக் கடிதம்கூடப் போடேல்லை. பிறகு சண்டை தொடங்கிக் காலம் கெட்டுப்போச்சு. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து இந்த ஒழுங்கையிலை, இந்தச் சின்னத் தெருவிலை குடியேறேக்கை, "இவர் சிங்கள ஆள்" எண்டு வாயாலை சொல்ல ஏலாத காலம். அவற்றை அந்தோனி எண்ட பேர் எந்தக் கரையிலையும் இருக்கிற பேர். மன்னார் எண்டு சொன்னம். ஒழுங்கைச் சனம் அவரை "மன்னாரார்" எண்டே கூப்பிடத் தொடங்கிச்சுது. அவரும் ஓம் எண்டு திரும்பிப் பார்க்கப் பழகியிட்டார்.

வீட்டுக்குள்ளை எண்டால் கதை வேறை. பின் வளவிலை இஞ்சினைக் கழட்டிப் போட்டுக்கொண்டு உன்னோடை அவர் தன்ரை பாசையிலைதான் கதைப்பார். நீயும் கிளி மாதிரிக் கதைப்பாய். நான் குசினி யன்னலாலை எட்டிப் பார்த்து, "படலைக்கு வெளியிலை உந்தப் பாசை வரக்கூடாது, வந்தால் வாயிலை சூடு" எண்டு பேசுவன். எனக்கு அந்தப் பாசை வராது. சோறு, தண்ணி, உப்புக் கூடிப்போச்சு, அவ்வளவுதான் தெரியும். அவர் தமிழ் படிச்சார், நான் அவற்றை பாசை படிக்கேல்லை. இதிலை இருந்தே தெரியுதெல்லோ எங்கள் ரெண்டு பேரிலை ஆர் நல்ல ஆள் எண்டு. உனக்கு எட்டு வயசிலை அவர் கடலாலை வந்து, நெஞ்சு நோகுது எண்டு படுத்தார். எழும்பேல்லை.

இனி உன்னைப் பற்றி. நீ வெக்கப்பட்டாலும் பரவாயில்லை, எழுதத்தான் போறன். நீ கொழும்பிலை கம்பசிலை படிக்கப்போய், முதல் சிறுகதை ஒரு சின்னச் சஞ்சிகையிலை வந்தெண்டு அனுப்பினாய். நான் அதைப் படிக்காமலே அலுமாரிக்குள்ளை வைச்சனான். கதை எழுதுறவன் சோத்துக்கு என்ன செய்வான் எண்ட பயம். ஒழுங்கையிலை கேட்டவைக்கு "தம்பி வங்கியிலை வேலை" எண்டு சொன்னன். நாலு வருசம் நீ வங்கியிலைதான் வேலை செய்தாய், உனக்குத்தான் தெரியாது. ரெண்டுதரம் பதவி உயர்வும் தந்தனான். பிறகு உன்ரை புத்தகம் வந்துது. நண்டுக் கொம்பனியிலை என்னோடை சதை எடுக்கிற பிள்ளை ஒருத்தி அதைக் கொண்டுவந்து, "அன்ரி, பின்னட்டையிலை இருக்கிற முகம் உங்கடை முகம் மாதிரி இருக்கு" எண்டாள். என்ன செய்யிறது? கையைக் கழுவிப்போட்டு வாங்கிப் பார்த்தன். "என்ரை மகன்தான்" எண்டன். மேசையைச் சுத்தி இருந்த பதினாறு பெண்டுகளும் கையை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பார்த்தினம். அண்டைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை நான் உனக்குச் சொல்லவே இல்லை. இப்ப சொல்லுறன்.

அதுக்குப் பிறகுதான் நீ அந்தப் படக் கொம்பனிக்குப் போனது. என்ன வேலை எண்டு கேட்டதுக்கு, மற்றவை எழுதின திரைக்கதையைப் படிச்சு எங்கை பலவீனம் எண்டு சொல்லுற வேலை எண்டாய். சம்பளம் தந்து பிழை பிடிக்கச் சொல்லுறாங்களோ, அதை நான் முப்பது வருசமாச் சும்மா செய்யிறனே எண்டு உன்னோடை பகிடி விட்டன். ஆனால் நான் அங்கை வந்து நிண்ட அந்த ஒரு கிழமை எனக்கு மறக்காது. ஒரு மேசை. ஒருத்தர் சிங்களத்திலை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், கல்முனைப் பக்கத்துப் பிள்ளை ஒண்டு தமிழிலை, இன்னொரு அம்மா இங்கிலீசிலை. நடுவிலை நீ. ஒருத்தர் சொல்லுறதை மற்றவருக்கு மாத்திச் சொல்லி, ஒருத்தர் சிரிக்கிற இடத்திலை மற்றவையும் சிரிக்கிறமாதிரிச் சொல்லி, ஒருத்தரையும் நோகப்பண்ணாமல் "இந்த இடத்திலை இவ ஏன் அழேல்லை?" எண்டு கேட்டாய். நான் மூலையிலை கதிரையிலை இருந்து பார்த்துக்கொண்டிருந்தன். பின் வளவிலை வளந்த பாசை நடு மேசைக்கு வந்திட்டுது எண்டு நினைச்சன். கொப்பா இருந்திருந்தால் எண்டும் நினைச்சன்.

ஒரு கதையை ஏன் ஒன்பது தரம் திருப்பித் திருப்பி எழுதுறாய் எண்டு முந்தி எனக்கு விளங்கிறதில்லை. எழுதத் தெரிஞ்சவன் ஒருக்கால் எழுதினால் காணாதோ எண்டு கேட்டிருக்கிறன். இப்ப விளங்குது. நாங்கள் நண்டுச் சதையை எடுத்து முடிச்ச பிறகு, லைற்றுக்குக் கீழை பரப்பி, விரலாலை தடவித் தடவி ஓட்டுத்துண்டு தேடுவம். மூண்டாம் தரம் தடவேக்கையும் ஒரு துண்டு அம்பிடும். அது ஒருத்தற்றை வாயிலை குத்தினால் பெட்டி முழுக்கத் திரும்பி வரும். உன்ரை கதையிலை ஓட்டுத்துண்டு எங்கை கிடக்கெண்டு எனக்குத் தெரியும். கன வருசமாய் என்ரை விரலிலைதான் அது குத்திக்கொண்டிருக்கு.

சமாதானம் எண்டு யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த வருசம் அது. உனக்குப் பதினொரு வயசு. மத்தியானம் போலை படலையடியிலை ஒரு ஆள் வந்து நிண்டார். வெள்ளைச் சேட், கையிலை ஒரு பை. நிண்ட நிலை அப்பிடியே கொப்பா நிக்கிற மாதிரி, ஒரு காலை மடிச்சு. பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா தன்ரை படலையிலை நிண்டு பார்த்துக்கொண்டிருந்தா. வந்தவர் சிங்களத்திலை ஏதோ கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்து மெல்லமாச் சொன்னாய், "அப்பாவின்ரை தம்பியாம். அப்பாவைப் பார்க்க வந்தவராம்." அண்ணன் செத்து மூண்டு வருசம் எண்டு அந்தாளுக்குத் தெரியாது. ரெஜினா அக்கா அங்காலை நிண்டு, "ஆர் பிள்ளை உது?" எண்டு கேட்டா. நான் வாயைத் திறக்கமுந்தி நீ சொன்னாய், "நண்டு வாங்கிற யாவாரி மாமி, எங்களிட்டை நண்டு இருக்கோ எண்டு கேக்கிறார்." முகத்திலை ஒரு மாற்றமும் இல்லை. ரெஜினா அக்கா அடுப்பிலை சோறு எண்டு சொல்லிப்போட்டு உள்ளை போயிட்டா. அதுதான் நீ கட்டின முதல் கதை தம்பி. சஞ்சிகையிலை வந்தது ரெண்டாவது.

நான் உனக்குச் சொன்னன், "அப்பிடி ஒருத்தர் இஞ்சை இல்லை எண்டு சொல்லு. போகச் சொல்லு." நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிட்டைத் திரும்பி ஏதோ சொன்னாய். நான் சொன்னதைவிட நீளமாத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பாசையே நீளமான பாசை எண்டு நினைச்சன். அவர் உன்ரை தலையிலை கையை வைச்சார். என்னை ஒருக்கால் பார்த்தார். போயிட்டார். வெய்யிலுக்கை வந்த மனிசனுக்கு ஒரு வாய் தண்ணி நான் குடுக்கேல்லை. பயத்திலை எண்டு இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தன். பயம் இருந்ததுதான். ஆனால் முழுக்கப் பயம் இல்லை. கலியாணத்துக்கு வராத சனம், ஒரு கடிதம் போடாத சனம், இப்ப என்னத்துக்கு வருகுது எண்ட கோவம். பயத்துக்குப் பின்னாலை கோவத்தை ஒளிச்சு வைச்சன். இதை நான் பாவசங்கீர்த்தனத்திலைகூடச் சொன்னதில்லை, உனக்குத்தான் சொல்லுறன்.

நீ எழுதின கதையிலை அந்தப் பொம்பிளை, வந்தவரை உள்ளை கூப்பிட்டு, கதிரை போட்டு, தன்ரை கையாலை வெறுந்தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறாள். பனங்கட்டியும் வைக்கிறாள். அந்தப் பக்கத்தை நான் எத்தினை தரம் படிச்சிருப்பன் எண்டு எனக்கே தெரியாது. நீ என்னைக் காப்பாத்த எழுதினாய் எண்டு தெரிஞ்சுதான், நன்றியும் சொல்லாமல், உண்மையும் சொல்லாமல் இருந்திட்டன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டவுடனை வேண்டாம் எண்டது, கொப்பாவை மறைக்க இல்லை. அந்தத் தேத்தண்ணியைக் காப்பாத்த.

போனை வைச்சிட்டு ரெண்டு நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடேல்லை. ஒழுங்கைக்குத் தெரிஞ்சால் என்ன சொல்லுவினம், இத்தினை வருசம் எங்களை ஏமாத்தினியே எண்டு கேட்டால் என்ன மறுமொழி எண்டு யோசிச்சு யோசிச்சு, கடைசியிலை படம் சொல்லமுந்தி நானே சொல்லுவம் எண்டு ரெஜினா அக்காவிட்டைப் போனன். அவ வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தா. நான் நிண்டபடியே சொன்னன், "அக்கா, இவர் மன்னார் ஆள் இல்லை."

அவ தலையை நிமித்தவே இல்லை. "ஓம், தெரியும்" எண்டா.

எப்ப இருந்து தெரியும் எண்டு கேட்டன். நாங்கள் குடிவந்து ஒரு மாசத்திலையாம். கொப்பா நண்டு எண்ணேக்கை வாய்க்குள்ளை "எக்கய், தெக்கய்" எண்டு சிங்களத்திலைதான் எண்ணுவாராம், எந்த மனிசனும் தாய்ப்பாசையிலைதானே எண்ணுவான் எண்டா. ஒழுங்கை முழுக்கத் தெரியுமாம். ஒருக்கால் வெளியாலை ரெண்டு பேர் வந்து இந்த ஆள் எந்த ஊர் எண்டு விசாரிச்சவையாம். ரெஜினா அக்காவின்ரை புருசன், மன்னார் வழியிலை பூநகரி தாண்டிப் போயறியாத மனிசன், "மன்னாரிலை அவற்றை வீட்டிலை நான் மூண்டு நேரம் சாப்பிட்டிருக்கிறன், மீன் குழம்பு எண்டால் அவற்றை தாயின்ரை குழம்புதான்" எண்டு சொல்லி அனுப்பினாராம். கதை கட்டிறதிலை இந்த ஒழுங்கையிலை நீ முதல் ஆள் இல்லை எண்டு தெரிஞ்சுகொள். எனக்குச் சிரிப்பும் வந்துது, நிலத்திலை குந்தி அழவும் வேணும் போலை இருந்தது. இவையிட்டை இருந்து உங்களை நான் காப்பாத்தினன் எண்டு நினைச்சனான். இவைதான் எங்களைக் காப்பாத்தியிருக்கினம். திரும்பி வரேக்கைதான் அக்கா மற்றதைச் சொன்னா.

"அண்டைக்கு அடுப்பிலை சோறு எண்டு நான் உள்ளை போனது ஏன் எண்டு நினைச்சாய்? நீ அந்தாளை உள்ளை கூப்பிடுவாய் எண்டுதான் பிள்ளை."

வீட்டை வந்து கொப்பாவின்ரை செபப் புத்தகத்தை எடுத்தன். முதல் பக்கத்திலை அவற்றை ஊர்க் கோயிலின்ரை பேர் இருக்கு. அதைக் கொண்டு எங்கடை பங்குச் சுவாமியிட்டைப் போனன். சுவாமி கண்டியிலை படிச்சவர், சிங்களம் நல்லாக் கதைப்பார். அவர் அந்தக் கோயிலுக்குப் போன் எடுத்து, அவை விசாரிச்சு, பின்னேரத்துக்கிடையிலை கொப்பாவின்ரை தம்பியின்ரை நம்பர் வந்திட்டுது. இவ்வளவு லேசாய் இருந்த ஒரு வேலையை இத்தினை வருசம் செய்யாமல் இருந்திருக்கிறன். கோயிலோடை இருக்கிற தன்ரை அறை வீட்டிலை சுவாமி போனை மேசையிலை வைச்சு, சத்தத்தைக் கூட்டி, நான் ஆர் எண்டு சொன்னார். அங்காலை இருந்து அந்தாள் "அக்கே" எண்டார். அதுக்குச் சுவாமி மொழிபெயர்க்கத் தேவை வரேல்லை.

மற்றதைச் சுவாமி ஒவ்வொரு வசனமாச் சொன்னார். அண்டைக்குப் படலையடியிலை நீ உன்ரை சித்தப்பாவுக்கு என்ன சொன்னாய் எண்டு நான் இப்பத்தான் அறிஞ்சன். "அப்பா செத்துப்போனார். சேமக்காலையிலை, கடல் பக்கத்து மதிலோடை மூண்டாவது கல்லறை. அம்மாவுக்குப் பயம். அவவோடை கோவிக்காதேங்கோ." அவர் நேரை அங்கைதான் போனவராம். அடுத்த ஞாயிறு நான் போகேக்கை கல்லறையிலை பெரிய மெழுகுதிரி ஒண்டு உருகிக் கிடந்தது, ரெஜினா அக்கா வைச்சது எண்டு நினைச்சன். நீ கம்பசுக்குப் போன முதல் வருசமே அவரைத் தேடிப் போனாயாம். யேசுபாலன் பிறந்த நத்தார் எண்டால் ஒவ்வொரு வருசமும் அங்கைதான் மத்தியானச் சாப்பாடாம். "அம்மா தானாக் கூப்பிடும்வரைக்கும் வராதேங்கோ" எண்டு நீதான் சொல்லி வைச்சிருக்கிறாய். அவரும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருந்திருக்கிறார். கள்ளப் பெடியன் நீ. நத்தாருக்கு வேலை எண்டெல்லோ எனக்குச் சொன்னாய்.

நான் அண்டு முழுக்கக் கோவிச்சுக்கொண்டு இருந்தன், பொய் சொல்ல மாட்டன். பிறகு கோவம் போயிட்டுது. பதினொரு வயசுப் பிள்ளை, ரெண்டு பாசைக்கு நடுவிலை, மூண்டு பெரியாக்களுக்கு முன்னாலை நிண்டிருக்கிறாய். ரெஜினா அக்காவுக்கு ஒரு கதை, அது என்னைக் காப்பாத்த. எனக்கு நான் கேக்க விரும்பினது. உண்மை ஆருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் உண்மை. உன்னைப் பெத்ததுக்கு நான் பெருமைப்படுற நாள் எது எண்டு ஆரும் கேட்டால், புத்தகம் வந்த நாளைச் சொல்ல மாட்டன், படம் வரப்போற நாளையும் சொல்ல மாட்டன். அந்த நாளைத்தான் சொல்லுவன். நான் செய்ததுக்கு வெக்கப்படுற நாளும் அதுதான்.

ஆனபடியாலை எழுது. கொப்பாவை மாரவிலை ஆளாவே எழுது, அவற்றை பாசையிலையே கதைக்க விடு, நண்டும் எண்ண விடு. எங்கடை ஒழுங்கையையும் எழுது, ஆனால் ஒருத்தரையும் தேவதூதராக்காதை. ரெஜினா அக்கா வெங்காயம் உரிக்கிறதை நிப்பாட்டேல்லை எண்டதையும் போடு. அந்தத் தேத்தண்ணியை எடுத்துவிடு. நான் குடுக்கேல்லை. அந்தப் பொம்பிளை குடுக்காமல் நிக்கிறதைக் காட்டு, அவளின்ரை முகத்தையும் கிட்டக் காட்டு. பார்க்கிற சனம் அவளைத் திட்டினால் திட்டட்டும். தியேட்டரிலை நான் முன்வரிசையிலை இருந்து கேப்பன்.

இந்தப் படக்கதையை எழுத ஒல்லாந்துக்கு ஒரு வருசப் பட்டறை எண்டு போறாய். ஒல்லாந்தர் இஞ்சை வந்து கோட்டை கட்டினவை, நீ அங்கை போய் என்ன கட்டப்போறியோ எண்டு ரெஜினா அக்கா கேக்கிறா. அங்கை உன்ரை கதையை வாசிச்சிட்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுவினம். கேள், எல்லாத்தையும் கேள், ஆனால் எங்கடை கதையை அவையின்ரை வாய்க்கு இனிப்பாக்கிக் குடுக்காதை. நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதைப் பொத்து, உனக்குச் சின்னனிலை இருந்தே காதுக்குத்து வாறது.

உன்ரை பிளேனுக்கு நாலு நாள் முந்தி கொப்பாவின்ரை ஆண்டுப் பூசை. சித்தப்பாவை வரச் சொல்லியிருக்கிறன். இந்தமுறை படலை திறந்திருக்கும், ஒழுங்கைச் சனம் பார்க்கப் பார்க்கத்தான் அவர் உள்ளை வருவார். கதிரை துடைச்சு வைச்சிட்டன். பனங்கட்டியும் வாங்கியிட்டன். சுவாமி மொழிபெயர்க்க வாறன் எண்டவர், நான் வேண்டாம் எண்டிட்டன். எனக்கு நீ வேணும். அந்தாளுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு. அண்டைக்கு நான் சொன்னதை நீ சொல்லாமல் விட்டது நல்லது. இந்தமுறை நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு.

உன்ரை அம்மா